சிந்து முகத்துவாரத்திலிருந்து வந்த மஞ்சள் மருந்து

கி.பி. முதல் நூற்றாண்டில் செங்கடலிலிருந்து இந்தியக் கடற்கரை வரை வணிகம் செய்த கிரேக்க மாலுமி ஒருவர், துறைமுகம் துறைமுகமாகச் சரக்குகளைக் குறித்து வைத்தார். எரித்ரேயக் கடற்பயணக் கையேடு என்று இன்று அறியப்படும் அந்நூலில், சிந்து நதி கடலில் கலக்குமிடத்தில் இருந்த பார்பரிக்கோன் துறைமுகத்தின் ஏற்றுமதிப் பட்டியலில் குங்கிலியம், நீலக்கற்கள், அவுரி ஆகியவற்றோடு லைக்கியோன் என்றொரு சரக்கும் இடம்பெறுகிறது. பரூகச்சத்துப் பட்டியலிலும் அது உண்டு. முட்செடி ஒன்றின் கட்டையை நீரில் காய்ச்சிக் கெட்டியாக்கிய களிம்பு அது. வெளியே கறுத்திருக்கும், உடைத்தால் உள்ளே குங்குமப்பூ நிறம்.

மருந்துக் கிருமிகளுக்கு அடங்காத காலம் இது என்றும், இனி மூலிகைகளே வழி என்றும் நம் குடும்பக் குழுக்களில் நாள்தோறும் செய்திகள் வருகின்றன. மருந்துக்கு அடங்காத கிருமிகள் என்று திருத்தி வாசித்தாலும் அச்செய்திகளில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள, இந்தக் கறுப்புக் களிம்பு சிந்துவிலிருந்து பாக்தாத், குர்துபா, திமிஷ்க், டாக்கா என்று வந்த வழியைப் பின்தொடர்வது உதவும். ஈராயிரம் ஆண்டு வரலாறுள்ள ஒரு மருந்து. அந்த வரலாற்றின் நடுப்பகுதி முழுவதும் முஸ்லிம் மருத்துவர்களின் கைகளில் இருந்தது.

அதே நூற்றாண்டில் ரோமப் பேரரசில் வாழ்ந்த டயாஸ்கொரிடீஸ், தமது மருந்துப்பொருள் நூலில் லைக்கியோனைப் பற்றி விரிவாக எழுதினார். ஆசியா மைனரின் லைசியாப் பகுதியில் கிடைப்பது ஒரு வகை. இந்தியாவிலிருந்து வருவது மற்றொரு வகை. சிறந்தது இந்திய வகையே என்பது அவர் தீர்ப்பு. கண் நோய், ஈறுப் புண், காதில் சீழ், வெடித்த உதடு, வயிற்றுப்போக்கு, சீதபேதி ஆகியவற்றுக்கு அதைப் பரிந்துரைத்தார். போலிச் சரக்கு சந்தையில் உலவியதால் சோதனை முறையும் சொன்னார்: நல்ல சரக்கு தீயில் எரியும், அணைக்கும்போது செந்நிற நுரை தள்ளும். எண்ணெய்க் கசடு, எட்டி போல் கசக்கும் மாசிபத்திரிக் கஷாயம், மாட்டுப் பித்தநீர் ஆகியவற்றைக் கலந்து ஏமாற்றுவோர் இருக்கிறார்கள் என்றும் எச்சரித்தார்.

இந்நூல் ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில், கலீஃபா முதவக்கிலின் காலத்தில், பாக்தாதில் அரபு மொழிக்கு வந்தது. மொழிபெயர்த்தவர் இஸ்திஃபான் இப்னு பஸீல். சரிபார்த்துத் திருத்தியவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக். இருவரும் கிறிஸ்தவர்கள்; முஸ்லிம் ஆட்சியாளர்களின் ஆதரவில் பணியாற்றியவர்கள். இஸ்திஃபானிடம் ஒரு நேர்மை இருந்தது. எந்தச் செடியின் அரபுப் பெயர் தமக்குத் தெரிந்ததோ அதை மட்டுமே அரபாக்கினார். தெரியாதவற்றைக் கிரேக்கப் பெயராகவே அரபு எழுத்தில் எழுதி விட்டுவிட்டார். பின்னால் வரும் ஒருவருக்கு அல்லாஹ் அந்த அறிவைக் கொடுக்கலாம் என்பது அவருடைய எதிர்பார்ப்பு என, ஒரு நூற்றாண்டு கழித்து இப்னு ஜுல்ஜுல் பதிவு செய்தார்.

ஊகித்து ஒரு பெயரைப் போட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நூல் முழுமையாகத் தோன்றியிருக்கும். ஆனால் தவறான செடியைத் தின்று யாரோ ஒரு நோயாளி மடிந்திருப்பார். லைக்கியோனுக்கு அரபில் ஹுளள் என்ற பெயர் ஏற்கெனவே இருந்தது. ஆகவே அது அந்த வெற்றிடப் பட்டியலில் சேரவில்லை. மற்றச் செடிகளின் வெற்றிடங்களை நிரப்பும் வேலை உலகின் மறுகோடியில், அந்தலூஸில், நடந்தது.

ஹிஜ்ரி 337, அதாவது கி.பி. 948 வாக்கில், கான்ஸ்டான்டிநோபிளின் பேரரசர் குர்துபாவின் கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மானுக்குப் பரிசுகள் அனுப்பினார். அவற்றுள் ஒன்று, செடிகளின் வண்ணப் படங்களோடு கூடிய டயாஸ்கொரிடீஸின் கிரேக்க மூலப் பிரதி. குர்துபாவில் அதைப் படிக்க ஆளில்லை. கலீஃபா கேட்டுக்கொண்டதற்கு இணங்க, ஹிஜ்ரி 340இல் நிக்கோலஸ் என்ற துறவி கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து வந்து சேர்ந்தார். அவரோடு அமர்ந்தவர்களில் யூத மருத்துவரும் அரசவைப் பிரமுகருமான ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத் இருந்தார். கிரேக்கம் பேசத் தெரிந்த சிசிலிக்காரர் ஒருவர் இருந்தார். குர்துபாவின் முஸ்லிம் மருத்துவர்கள் பலர் இருந்தார்கள். ஒவ்வொரு பெயராக எடுத்து, இது நம் மண்ணில் எந்தச் செடி என்று உறுதி செய்தார்கள். முக்கியமில்லாத பத்துச் செடிகள் வாக்கில் மட்டுமே அடையாளம் காணப்படாமல் எஞ்சின என்று, அக்குழுவினரை இளவயதில் நேரில் அறிந்த இப்னு ஜுல்ஜுல் எழுதுகிறார்.

ஒரு முஸ்லிம் கலீஃபாவின் நகரில் கிறிஸ்தவத் துறவியும் யூத அமைச்சரும் முஸ்லிம் மருத்துவர்களும் ஒரே நூலின் மேல் குனிந்திருந்த அந்தக் காட்சியைப் பெருமைக்காக மேடைகளில் சொல்வதுண்டு. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது, எஞ்சிய அந்தப் பத்தின் கணக்கைக் கூட மறைக்காமல் எழுதி வைத்த குணம்.

இப்பணியின் உச்சம் இப்னுல் பைத்தார். மாலகாவில் ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்தார். இஷ்பீலியாவில் அபுல் அப்பாஸ் அந்நபாத்தியிடம் செடியியல் கற்றார். ஏறத்தாழ 1220இல் அந்தலூஸை விட்டுப் புறப்பட்டு, வட ஆப்பிரிக்கக் கரையோரமாகச் செடிகளைப் பார்த்துக்கொண்டே எகிப்து வந்து, அய்யூபி சுல்தான் அல்காமிலிடம் மூலிகையாளர்களின் தலைவரானார். 1248இல் திமிஷ்க்கில் காலமானார். அவருடைய பெருநூல் ஏறக்குறைய 1,400 மருந்துப்பொருள்களை அகர வரிசையில் தருகிறது. நூற்றைம்பது வாக்கிலான முன்னோர் ஒவ்வொருவரும் சொன்னதை அவரவர் பெயரோடு பிரித்துத் தருகிறது. அரபு, கிரேக்கப் பெயர்களோடு பர்பர் மொழியிலும் அந்தலூஸ் மக்களின் லத்தீன் பேச்சிலும் வழங்கிய பெயர்களையும் கொடுக்கிறது. தாம் கண்ணால் கண்டும் சோதித்தும் உறுதி செய்ததையே ஏற்றதாகவும், அதற்கு மாறானதைச் சொன்னவர் யாராயினும் விட்டுவிட்டதாகவும் முன்னுரையில் தெரிவிக்கிறார்.

அவருடைய மாணவர் இப்னு அபீ உஸைபிஆ, ஹிஜ்ரி 633இல் திமிஷ்க்கில் ஆசிரியரை முதன்முதலில் சந்தித்தார். நகரத்துக்கு வெளியே இருவரும் செடிகளைத் தேடி நடந்ததை அவர் விவரிக்கிறார். ஆசிரியர் ஒரு செடியைப் பற்றி டயாஸ்கொரிடீஸ் சொன்னதை முதலில் சொல்வார். பிறகு ஜாலினூஸ் சொன்னது. பிறகு பிற்காலத்தார் சொன்னது. யார் எங்கே தவறினார் என்பது. அந்தச் செடி எந்த நூலின் எத்தனையாவது பகுதியில் எத்தனையாவது மருந்தாக வருகிறது என்ற எண்ணையும் சேர்த்துச் சொல்வாராம். மாணவர் வீட்டுக்குப் போய் நூலைத் திறந்து பார்ப்பார். எண் சரியாக இருக்கும்.

ஹுளளும் அவர் நூலில் இருக்கிறது. அதன் இந்திய வகையும் இருக்கிறது. ஆயினும் அந்த இந்தியக் களிம்பு இமயமலையின் எந்தச் செடியிலிருந்து வருகிறது என்பது மத்தியதரைக் கடற்கரையில் இருந்தவர்கள் நேரில் காண முடியாத ஒன்று. சகாரன்பூர் தாவரத் தோட்டத்தின் பொறுப்பிலிருந்த ஜான் ஃபோர்ப்ஸ் ராய்ல் 1833இல் அதைத் தீர்த்தார். வட இந்தியக் கடைத்தெருவில் ஹகீம்கள் கண்ணுக்குப் பூசும் ரசவத் என்னும் களிம்பும் டயாஸ்கொரிடீஸின் இந்திய லைக்கியோனும் ஒன்றே. அது பெர்பெரிஸ் இனச் செடியின் வேர், கட்டைகளிலிருந்து எடுக்கப்படுகிறது என்று காட்டினார். ஹகீம்களின் கடை இல்லாதிருந்தால் அந்த நூல் பெயரும் அந்த மலைச்செடியும் ஒன்று சேர்ந்திருக்குமா என்பது ஐயமே.

நம் நாட்டு மருந்துக் கடைகளில் இதன் உறவுக்காரர் மரமஞ்சள். தமிழகத்தில் அப்பெயரில் விற்பது பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலையில் படரும் வேறொரு கொடியின் தண்டு. இலங்கையில் அதே கொடியைச் சிங்கள மக்கள் வெனிவெல் என்பார்கள். காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் அங்கே அது வீட்டு மருந்து. செடிகள் வேறு, குடும்பங்களும் வேறு. ஆனால் இரண்டையும் மஞ்சளாக்கும் பொருள் ஒன்றே: பெர்பெரின். நிறத்தையும் கசப்பையும் வைத்து ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை எடுத்த பழைய வைத்தியர்கள் வேதியியல் தெரியாமலே சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார்கள். காட்டிலிருந்து வரைமுறையின்றி வெட்டி எடுத்ததால் அந்தக் கொடி இப்போது அருகிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

செடியை அடையாளம் காண்பது ஒரு வேலை. அது நோயைத் தீர்க்கிறதா என்று அறிவது வேறொரு வேலை. இதில் இப்னு சீனா நமக்கு விட்டுச் சென்றது மிகப் பெரிது. கானூனின் இரண்டாம் பாகத்தில், தனி மருந்துகளின் பட்டியலுக்கு முன்பாக, மருந்தின் ஆற்றலை அனுபவத்தால் சோதிக்க ஏழு நிபந்தனைகளை வைக்கிறார். மருந்து வெளியிலிருந்து ஏற்ற சூடு, குளிர்ச்சி போன்ற தன்மைகள் அற்றதாக இருக்க வேண்டும். பல நோய்கள் கலந்தவரிடம் சோதிக்கக் கூடாது. ஒற்றை நோயிலேயே சோதிக்க வேண்டும். எதிரெதிரான இரு நோய்களில் சோதித்தால்தான், குணம் மருந்தாலா தற்செயலாலா என்பது தெரியும். மருந்தின் வலு நோயின் வலுவுக்கு ஈடாக இருக்க வேண்டும். எப்போது வேலை செய்யத் தொடங்குகிறது என்று நேரம் பார்க்க வேண்டும். பெரும்பாலானவர்களிடம் திரும்பத் திரும்ப அதே பலன் வர வேண்டும். கடைசியாக, மனித உடலில் சோதிக்க வேண்டும். சிங்கத்திலோ குதிரையிலோ கண்டது மனிதனுக்குப் பொருந்தாமல் போகலாம்.

இதற்கு நூறாண்டு முன்பே அர்ராஸி, மூளைக் காய்ச்சல் நோயாளிகளில் ஒரு சாராருக்கு இரத்தம் குத்தி எடுத்தும் மற்றொரு சாராருக்கு வேண்டுமென்றே எடுக்காமல் விட்டும் ஒப்பிட்டுப் பார்த்ததாகத் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். அவர் கண்ட முடிவை இன்றைய மருத்துவம் ஏற்காது. ஒப்பிட வேண்டும் என்ற எண்ணத்தை ஏற்கும்.

சந்தையும் கண்காணிப்பில் இருந்தது. அளவு, நிறை, உணவு இவற்றோடு மருந்துக் கடைகளையும் பரிசோதிப்பது முஹ்தஸிபின் கடமை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிரியாவில் அஷ்ஷைஸரி எழுதிய முஹ்தஸிப் கையேடு, எந்தெந்தச் சரக்கில் எதைக் கலப்பார்கள், எப்படிக் கண்டுபிடிப்பது என்று அடுக்கிச் சொல்கிறது. தராசில் மோசடி செய்தவனைவிட மருந்தில் மோசடி செய்தவனால் விளையும் கேடு கொடியது என்பது அவர்களுக்குத் தெளிவாகவே தெரிந்திருந்தது.

இங்கே கருஞ்சீரகத்தின் பேச்சு எழாமல் இராது. மரணத்தைத் தவிர எல்லா நோய்க்கும் அதில் நிவாரணம் உண்டு என்ற கருத்துள்ள நபிமொழி புகாரியில் இருக்கிறது. அதில் முஸ்லிம்களுக்கு ஐயமில்லை. ஆனால் அதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதை அறிஞர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பேசிவிட்டார்கள். ஹிஜ்ரி 388இல் மறைந்த இமாம் கத்தாபி (ரஹ்), இது பொதுவான சொல்லில் வந்த குறிப்பான கருத்து என்றார். எல்லா நோய்களின் இயல்புக்கும் எதிரான எல்லாத் தன்மைகளும் ஒரே செடியில் அமைவதில்லை என்பது அவர் காட்டிய காரணம். ஃபத்ஹுல் பாரியில் இப்னு ஹஜர் (ரஹ்) இதை எடுத்தெழுதுகிறார். அதே நபிமொழியின் பின்னணியைக் கவனியுங்கள். பயணத்தில் நோயுற்ற காலிப் இப்னு அப்ஜரை நலம் விசாரிக்க வந்த இப்னு அபீ அத்தீக், ஐந்து அல்லது ஏழு விதைகளை எடுத்துப் பொடித்து, எண்ணெயில் கலந்து, மூக்கின் இரு பக்கமும் சொட்டாக விடச் சொன்னார். பிறகே, ஆயிஷா (ரலி) அவர்கள் தமக்கு அறிவித்த நபிமொழியை எடுத்துரைத்தார். எண்ணிக்கை, கலக்கும் பொருள், செலுத்தும் வழி என மூன்றும் அந்த அறிவுரையில் இருக்கின்றன. எதற்கும் ஒரு கரண்டி விழுங்குங்கள் என்பது அதில் இல்லை.

கருஞ்சீரக எண்ணெயிலுள்ள தைமோகுயினோன் ஆய்வகத் தட்டில் சீழ்க் கிருமியின் வளர்ச்சியைத் தடுப்பது உண்மை. மிஸ்வாக் குச்சியின் காரத்துக்குக் காரணமான பென்சைல் ஐசோதயோசயனேட், ஈறு நோய்க் கிருமிகளைக் கொல்வதை 2011இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆய்வகத் தட்டில் கொல்லும் பொருள்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. உப்பும் கொல்லும், வினிகரும் கொல்லும். இரத்தத்தில், நுரையீரலில், சிறுநீரகத்தில் நோயாளிக்குத் தீங்கில்லாத அளவில் கொல்கிறதா என்பதுதான் கேள்வி. இப்னு சீனாவின் ஏழாவது நிபந்தனை அதுவே.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1928இல் பெனிசிலினைக் கண்டறிந்த ஃபிளெமிங், 1945இல் நோபல் பரிசு உரையிலேயே, போதாத அளவில் மருந்தைக் கொடுத்தால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும் என்று எச்சரித்தார். அப்படியே நடந்தது. பெனிசிலினுக்கு அடங்காத கிருமிகளுக்காக வந்த மெதிசிலின், வந்த ஓரிரு ஆண்டிலேயே, 1961இல், பிரிட்டனில் தோல்வி காணத் தொடங்கியது. 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாக உலகில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. பிரசவம், சிசேரியன், சர்க்கரை நோயாளியின் கால்புண், முதியவரின் சிறுநீர்த் தொற்று என நம் ஒவ்வொரு வீட்டுக்கும் தொடர்புள்ள இடங்களில்தான் இந்த மரணங்கள் நிகழ்கின்றன. இந்தியாவில் 2014 முதல் பல ஆன்ட்டிபயாட்டிக்குகள் மருத்துவர் சீட்டுடன், பதிவேட்டில் குறித்துக்கொண்டே விற்கப்பட வேண்டும் என்ற விதி உண்டு. அது கடைத்தெருவில் எவ்வளவு மதிக்கப்படுகிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

இன்று பயன்பாட்டிலுள்ள முக்கிய ஆன்ட்டிபயாட்டிக்குகள் பூஞ்சையிலிருந்தும் மண் பாக்டீரியாக்களிலிருந்தும், சில முழுக்க ஆய்வகத்திலிருந்தும் வந்தவை. இவ்வளவு மூலிகைகள் இருந்தும், பெனிசிலினுக்கு ஈடாக ஒரு செடியிலிருந்து எதுவும் வரவில்லை. இது மூலிகை ஆய்வாளர்களை நெடுங்காலம் குழப்பிய கேள்வி. செடிகளுக்கும் கிருமிகளால் நோய் வருகிறது. அவையும் தம்மைக் காத்துக்கொள்கின்றன. பிறகு ஏன் அவற்றின் மருந்து நம்மிடம் வலுவிழக்கிறது?

பெர்பெரினின் கதை இங்கே மீண்டும் தொடங்குகிறது. 1987இல், பங்களாதேஷின் டாக்காவிலுள்ள வயிற்றுப்போக்கு நோய்களுக்கான சர்வதேச ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஜி. ஹெச். ரப்பானியும் உடனிருந்தவர்களும் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். கடும் வயிற்றுப்போக்குள்ள 165 ஆண் நோயாளிகள். சிலருக்கு நச்சு சுரக்கும் ஈ.கோலை பாக்டீரியா, சிலருக்குக் காலரா. யாருக்கு பெர்பெரின், யாருக்கு இல்லை என்பது குலுக்கல் முறையில் முடிவானது. ஈ.கோலை நோயாளிகளுக்கு 400 மில்லிகிராம் ஒரே ஒரு வேளை. இருபத்துநான்கு மணி நேரத்தில் பெர்பெரின் பெற்றவர்களில் 42 விழுக்காட்டினருக்கு வயிற்றுப்போக்கு நின்றது. பெறாதவர்களில் 20 விழுக்காட்டினருக்கு. டயாஸ்கொரிடீஸ் எழுதி, ஹுனைன் சரிபார்த்து, இப்னுல் பைத்தார் தொகுத்த பழைய பயன்களில் ஒன்று, இப்னு சீனா கேட்ட வகையில் மனிதர்களிடம் சோதிக்கப்பட்டுத் தேறியது.

காலராவில் கதை வேறு. பெர்பெரினால் பலன் சிறிதே இருந்தது. டெட்ராசைக்ளின் பெற்றவர்களுக்கு அதோடு பெர்பெரினும் சேர்த்துக் கொடுத்ததால் கூடுதல் நன்மை எதுவும் தெரியவில்லை. அவர்கள் இதையும் அதே கட்டுரையில் எழுதினார்கள். குர்துபாவில் எஞ்சிய பத்தை எழுதி வைத்த மரபு டாக்காவில் அற்றுப்போகவில்லை. 1968இல் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரால் காலரா நோயாளிகளைக் காப்பாற்ற முடியும் என்று உலகுக்கு மெய்ப்பித்ததும் இதே டாக்கா நகரம்தான். அந்த எளிய கரைசல் எண்ணற்ற குழந்தைகளைக் காத்திருக்கிறது.

குடலில் பெர்பெரின் வேலை செய்வதற்கு ஒரு காரணம், அது நீர்ச் சுரப்பைக் குறைப்பது. விழுங்கிய பெர்பெரினில் மிகச் சொற்ப அளவே இரத்தத்தில் சேருகிறது. ஆகவே நுரையீரலிலோ இரத்தத்திலோ உள்ள தொற்றுக்கு மரமஞ்சள் கஷாயம் எட்டவே எட்டாது. இன்னொரு தடையும் இருந்தது. அதைக் கண்டவர்கள் அமெரிக்காவின் ஃபிராங்க் ஸ்டெர்மிட்ஸ், கிம் லூயிஸ் ஆகியோர். 2000ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, செடிகள் நெடுங்காலம் மறைத்து வைத்திருந்த ஒரு தந்திரத்தை வெளிப்படுத்தியது.

கசியும் படகில் ஏறிய நீரை, கடலுக்குப் போகிறவர்கள் ஓயாமல் இறைத்துக் கொட்டுவார்கள். இறைக்கும் கை நிற்காதவரை படகு மூழ்காது. பாக்டீரியாவின் மேலுறையிலும் அப்படிப்பட்ட இறைப்பான்கள் உண்டு. உள்ளே நுழையும் நச்சைப் பிடித்து வெளியே தள்ளுவதே அவற்றின் வேலை. சீழ்க் கட்டிகளுக்குக் காரணமான ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸிடம் உள்ள நோர்-ஏ என்ற இறைப்பான், நார்ஃப்ளாக்சசின் மாத்திரையின் மருந்தை வெளியேற்றுகிறது. பெர்பெரினையும் அதே இறைப்பான்தான் வெளியேற்றுகிறது. ஆய்வாளர்கள் அமெரிக்கப் பாலைநிலத்தில் வளரும் ஒரு பெர்பெரிஸ் செடியின் இலையில் வேறொரு பொருளைக் கண்டார்கள். அதன் பெயர் 5′-மெதாக்ஸிஹிட்னோகார்பின். தனியாக அது ஒரு கிருமியையும் கொல்லாது. ஆனால் இறைப்பானை முடக்கிவிடும். அது உடனிருந்தால் பெர்பெரின் கிருமியின் உள்ளே தேங்கிக் கொல்லும். ஒரே செடி நஞ்சையும் ஆக்கி, அந்த நஞ்சை வெளியே தள்ளும் கையைக் கட்டிப்போடும் பொருளையும் ஆக்குகிறது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2002இல், இதே ஆய்வாளர்கள் உடன் பணியாற்றியோருடன் மேலும் பல செடிப் பொருள்களைச் சோதித்தார்கள். ரேவல்சின்னியில் உள்ள ரெய்ன், கொடிவேலி வேரில் உள்ள பிளம்பாஜின், பருத்தியில் உள்ள கொசிபால், பெர்பெரின் ஆகியவை அவற்றுள் அடங்கும். இறைப்பான்கள் முடக்கப்பட்டபோது ரெய்னின் வலு, கிருமியைப் பொறுத்து, 100 முதல் 2,000 மடங்கு வரை கூடியது. மற்றவற்றிலும் அதற்கு ஒப்பான ஏற்றம் தெரிந்தது. செடிகளின் மருந்து வலுவற்றது என்ற பழைய முடிவு, தனித்தனியாகப் பிரித்துச் சோதித்ததால் வந்த முடிவு என்பது விளங்கியது. கூட்டு மருந்தாகக் கொடுத்த பழைய ஹகீம்களின் பழக்கத்துக்கு இதில் ஓர் ஆதரவு இருக்கிறது. அதற்காக, கூட்டுகள் அனைத்தும் இதனால் நிரூபணமாகிவிட்டன என்று யாரும் துள்ள வேண்டாம்.

இந்த முடக்கும் பொருள்கள் இன்னும் மருத்துவமனைக்கு வந்து சேரவில்லை. காரணம் சதியன்று. கிருமியின் இறைப்பானைப் போன்ற இறைப்பான்கள் நம் உடலின் அணுக்களிலும் உள்ளன. அவற்றையும் முடக்கினால் நஞ்சு நம்முள்ளும் தேங்கும். மருந்தும் துணைப்பொருளும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்குத் தேவையான அளவில் போய்ச் சேர வேண்டும். ஆன்ட்டிபயாட்டிக் ஆய்வில் இலாபம் குறைவு என்பதால் பெரிய நிறுவனங்கள் பல அத்துறையை விட்டே விலகிவிட்டன என்பதும் உண்மை. அதில் நியாயமான வருத்தம் நமக்கு இருக்கலாம்.

இயற்கையானது என்பதால் தீங்கற்றது என்ற எண்ணத்துக்கும் பெர்பெரினே பதில் சொல்கிறது. பிறந்த குழந்தையின் இரத்தத்தில் மஞ்சள் காமாலைக்குக் காரணமான பிலிருபினை, அது பற்றியிருக்கும் புரதத்திலிருந்து பெர்பெரின் பெயர்த்துவிடக் கூடும். விடுபட்ட பிலிருபின் மூளையைத் தாக்கும். சிங்கப்பூர் அரசு 1978இல் பெர்பெரின் உள்ள மூலிகைகளைத் தடை செய்ததற்குப் பச்சிளங்குழந்தைகளின் காமாலையே காரணம். பல்லாண்டுகள் கழித்துத்தான் அந்தத் தடை தளர்ந்தது. கருவுற்ற பெண்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் மரமஞ்சள் கஷாயம் கொடுக்கக் கூடாது. வேறு மாத்திரைகள் உண்போர் மருத்துவரிடம் சொல்லாமல் அதைத் தொடக் கூடாது. கல்லீரல் மருந்துகளைக் கையாளும் விதத்தையே அது மாற்றுகிறது. காய்ச்சலும் நடுக்கமுமாக ஒருவர் துவண்டு கிடக்கும்போது, ஆன்ட்டிபயாட்டிக்கைத் தள்ளிவைத்து ‘நபிவழி மருந்து’ என்று சீசாவில் ஒட்டிய எண்ணெயைக் கொடுப்பவர், இஸ்திஃபான் நிரப்பாமல் விட்ட வெற்றிடத்தைத் தம் ஊகத்தால் நிரப்புகிறவர். அஷ்ஷைஸரியின் ஊரில் அவர் கடைக்கு முஹ்தஸிப் வந்திருப்பார்.

ஒரு செய்தி மீதமிருக்கிறது. அமெரிக்கப் பாலைநிலச் செடியில் ஸ்டெர்மிட்ஸ் கண்ட துணைப்பொருள் அறிவியலுக்குப் புதியதன்று. அதன் பெயரே அதைச் சொல்கிறது. ஹிட்னோகார்பஸ் என்பது மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மரம், தமிழில் நீரடிமுத்து. அதன் விதை எண்ணெயைத் தொழுநோய்க்கு நம் வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாகப் பூசினார்கள். சல்ஃபோன் மாத்திரைகள் வரும் வரை இருபதாம் நூற்றாண்டின் தொழுநோய் மருத்துவமனைகளும் அதை ஊசியாகச் செலுத்தின. கிருமியின் இறைப்பானை முடக்கும் அந்தப் பொருள், அந்த எண்ணெயில் சிறிதளவு இருப்பதாக முன்பே பதிவாகியிருந்தது. தனியாக எந்தக் கிருமியையும் கொல்லாததால், அது எதற்காக அங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.